குயிதோ கவால்கந்தியின் கட்சியில் நின்று

பலெர்மோ

அன்பு மச்சான்,

உன் கடிதம் போன கிழமை வந்தது. கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் இவளுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் நிம்மதி. டொக்டர் சொன்ன சொட்டு மருந்தை ஒழுங்காய் விடு. மருந்தென்றால் பள்ளிக்கூடக் காலத்திலேயே ஓடி ஒளிக்கிறவன் நீ. இங்கே எல்லோரும் சுகம். மூத்தவளுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவன் இத்தாலியனில் சண்டை பிடிக்கிறான், தமிழில் சாப்பாடு கேட்கிறான். எனக்கு முழங்கால்தான் தொல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நம்மூர்ச் சனம் சைவம், வேதம் என்று பாராமல் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட பெல்லக்ரீனோ மலை ஏறும். நானும் போகிறேன், ஆனால் இப்போதெல்லாம் பஸ்ஸில்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மகாகவி தாந்தேக்கு முன்பு இத்தாலியில் காதல் பாட்டு இருந்ததா, அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு தத்துவம் எப்படிப் புகுந்தது என்று கேட்டிருந்தாய். அதோடு தாந்தேயை மிஞ்ச ஆள் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரிக்காகத்தான், தாந்தேயின் நண்பர் குயிதோ கவால்கந்தியின் பக்கம் நின்று இவ்வளவு நீளமாய் எழுதப்போகிறேன்.

தொடக்கம் இந்தத் தீவோடு சம்பந்தப்பட்டது. பலெர்மோப் பேராலயத்துக்குள் போனால் சிங்கங்கள் தாங்கி நிற்கும் ஒரு செந்நிறக் கல்லறைப் பேழை இருக்கிறது. அதில் கிடப்பவர் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக். இன்றைக்கும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். சிறுவயதில் இந்த ஊரில் வளர்ந்தவர், 1220-இல் பேரரசராக முடிசூடியவர், 1224-இல் நேப்பிள்ஸில் பல்கலைக்கழகம் தொடங்கியவர், பாப்பரசர்களோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டி 1250-இல் செத்துப்போனவர். பருந்து வளர்ப்பைப் பற்றி நேரில் பார்த்ததை வைத்து ஒரு பெரிய நூலே எழுதினார். அவரிடம் இருந்த மைக்கேல் ஸ்கொட் என்ற அறிஞர்தான் அரிஸ்டோட்டிலின் நூல்கள் சிலவற்றையும் அவற்றுக்குக் கோர்டோபாவின் தத்துவஞானி இப்னு ருஷ்த் எழுதிய உரைகளையும் அரபியிலிருந்து இலத்தீனுக்குக் கொண்டுவந்தார். இப்னு ருஷ்தின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள். பின்னால் பெரிய வம்பு அவரால்தான் வருகிறது.

அந்த அரசவையில் கவிதை எழுதியவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் இல்லை. நீதிபதிகள், உறுதி எழுதும் நொத்தாரிசுகள், அரச செயலகத்தில் கடிதம் எழுதுகிறவர்கள். தெற்குப் பிரான்சின் புரோவென்சால் பாட்டுகளைப் பார்த்துத்தான் தொடங்கினார்கள். ஆனால் தம் பாட்டுக்கு இசை அமைத்ததற்கான தடம் எதையும் விட்டுப்போகவில்லை. வழக்குமன்றத்துக் குரல் ஒன்று பாட்டுக்குள் வந்துவிட்டது. பதினாலு வரி சொனெற்றைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் ஜாக்கோமோ தா லெந்தீனி ஒரு நொத்தாரிசு. தாந்தே அவரைப் பெயர்கூடச் சொல்லாமல் 'நொத்தாரிசு' என்றே குறிப்பிடுகிறார்.

அவர்களுக்குள் நடந்த ஒரு விவாதத்தை உனக்குச் சொல்லவேண்டும், நீ ரசிப்பாய். யாக்கோபோ மொஸ்தாச்சி என்பவர் ஒரு சொனெற் எழுதி எறிகிறார்: காதலுக்குப் பெரிய வல்லமை உண்டு என்கிறார்கள், ஆனால் அது ஒருநாளும் கண்ணில் பட்டதில்லையே, நான் எப்படி ஒத்துக்கொள்வது? பிரெடெரிக்கின் வலதுகையான பியெர் தெல்லா வீஞா பதில் சொல்கிறார்: காந்தம் இரும்பை இழுப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஆனாலும் இழுக்கிறதே. மூன்றாவதாக நொத்தாரிசு வருகிறார். காதல் இதயத்திலிருந்து வரும் ஆசை, அளவுக்கு மிஞ்சிய இன்பத்தால் பிறப்பது. கண் அதைப் பிறப்பிக்கிறது, இதயம் ஊட்டி வளர்க்கிறது என்கிறார். பார்க்காமலே காதலிக்கிறவர்களும் உண்டுதான், ஆனால் ஆளை இறுக்கிப் பிடிக்கிற காதல் பார்வையில்தான் பிறக்கிறது என்று ஒரு விதிவிலக்கும் போட்டுவைக்கிறார். சட்டம் படித்தவர் அல்லவா! இன்னொரு சொனெற்றில் அவரே கேட்கிறார்: இவ்வளவு பெரிய பெண் இத்தனை சின்னக் கண்ணுக்குள் எப்படிப் புகுந்தாள்? ஒளி கண்ணாடியை உடைக்காமல் ஊடுருவுவதைப்போல, ஆள் நுழையவில்லை, அவள் உருவம்தான் நுழைந்தது என்று பதிலும் சொல்லிக்கொள்கிறார். கொஞ்சலாய்த் தொடங்கி ஒளியியலில் போய் முடிகிறது. எனக்கு இவர்களை மிகவும் பிடிக்கும்.

பியெர் தெல்லா வீஞாவின் முடிவு மட்டும் கொடியது. 1249-இல் துரோகி என்று பிடித்துக் கண்ணைப் பொசுக்கினார்கள். தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். தாந்தே தன் 'தெய்வீக நாடகம்' காவியத்தில் அவரை நரகத்து முள்மரமாக்கி நிறுத்தியிருக்கிறார். 1266-இல் பெனவெந்தோ போரில் பிரெடெரிக்கின் மகன் மன்பிரெட் விழுந்ததோடு அந்த உலகமே போய்விட்டது. பாட்டுகள் தப்பியது மத்திய இத்தாலியின் டஸ்கனிக்காரர் பிரதி எடுத்து வைத்ததால். வத்திக்கானில் இருக்கும் ஒரு பெரிய தொகுப்புச் சுவடியில் ஆயிரத்துக்குக் கிட்டப் பாட்டுகள் இருக்கின்றன. பிரதி எடுத்தவர்கள் சிசிலிப் பேச்சைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிவிட்டார்கள் என்பது இந்த ஊர்க்காரருக்கு இன்னும் ஆறாத மனக்குறை.

அடுத்து பொலோஞா. சட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் பேர்போன பல்கலைக்கழக நகரம். அங்கே 1265-இலிருந்து இருபது லீராவுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களை நகரசபையின் பெரிய பதிவேடுகளில் எழுதவேண்டும் என்று சட்டம். நொத்தாரிசுமார் பக்கத்தில் வெற்றிடம் விட்டால் பிறகு யாராவது ஒரு வரியைச் செருகிவிடுவார்கள் என்று, அந்த இடத்தைக் காதல் பாட்டுகளால் நிரப்பினார்கள். 1287-இல் ஒரு நொத்தாரிசு இப்படி இடம் நிரப்ப எழுதிவைத்தது இளம் தாந்தேயின் சொனெற். காணி உறுதிக்கும் கடன் பத்திரத்துக்கும் நடுவே தாந்தே! உறுதி எழுதிப் பிழைத்த உன் பெரியப்பா இருந்தால் கேட்டுச் சிரித்திருப்பார்.

அந்த நகரத்து நீதிபதி குயிதோ குயினிட்செல்லி. 1274-இல் கட்சிச் சண்டையில் நாடுகடத்தப்பட்டு இரண்டு வருடத்தில் மொன்செலிசேயில் இறந்தவர். மேன்மையான நெஞ்சுக்குத்தான் காதல் எப்போதும் திரும்பி வரும், பறவை பச்சைக் காட்டுக்குத் திரும்புவதைப்போல என்று தொடங்கும் அவருடைய நெடும்பாட்டு ஒரு வாதம். சூரியன் நாள் முழுக்கச் சேற்றில் அடிக்கிறது; சேறு சேறாகவே இருக்கிறது, சூரியனுக்கும் சூடு குறையவில்லை. 'நான் குலத்தால் உயர்ந்தவன்' என்கிற ஆணவக்காரன் அந்தச் சேறு. மேன்மை என்பது பரம்பரைச் சொத்தில்லை, நெஞ்சில் இருப்பது. வங்கியும் வணிகமும் ஓங்கிவந்த நகரங்களில் இதைக் கேட்க எத்தனை பேருக்கு இனித்திருக்கும் என்று யோசித்துப் பார். கடைசியில் இறந்துபோன கவிஞரின் ஆன்மாவைக் கடவுள் விசாரிக்கிறார்: எனக்கு உரிய புகழ்ச்சியை எப்படி ஒரு பெண்ணுக்குக் கொடுத்தாய்? கவிஞர் சொல்கிறார்: அவள் உம்முடைய ராச்சியத்துத் தேவதை மாதிரி இருந்தாள், நான் காதலித்தது என் பிழையில்லை. கடவுளின் முன்னால்கூட எதிர்வாதம்! லூக்கா நகரத்துப் பழைய கவிஞர் பொனாஜுந்தாவுக்கு இது பிடிக்கவில்லை. காதல் பாட்டின் போக்கையே மாற்றிவிட்டாய், சாஸ்திரத்தைப் பிழிந்து பாட்டு எடுக்கிறாய் என்று திட்டி ஒரு சொனெற் அனுப்பினார். இந்தக் குற்றச்சாட்டு இன்றுவரை ஓயவில்லை.

இனி என் ஆளிடம் வருகிறேன். குயிதோ கவால்கந்தி, புளோரன்ஸின் பெரிய வீட்டுப் பிள்ளை. பகைக் கட்சியின் தலைவர் பாரினாத்தாவின் மகளைச் சமாதானத்துக்காக 1267-இல் அவருக்கு நிச்சயம் செய்தார்கள். அவரை அறிந்த தீனோ கொம்பாஞி என்ற வரலாற்றாசிரியர், பண்பும் துணிச்சலும் உள்ளவர், ஆனால் ஏளனக்காரர், தனிமையானவர், படிப்பிலேயே மூழ்கியவர் என்று எழுதிவைத்திருக்கிறார். கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி என்று ஊர்ச்சனம் கதைத்ததாகக் கதாசிரியர் பொக்காச்சோ சொல்கிறார். அவர் சொல்லும் கதையில், கல்லறைகளுக்கு நடுவே குதிரைக்காரர்கள் குயிதோவை வளைத்துக் கிண்டல் செய்கிறார்கள். 'உங்கள் வீட்டில் நீங்கள் எதுவும் சொல்லலாம்' என்றுவிட்டு, ஒரு கல்லறையில் கையை ஊன்றித் தாண்டிப் போய்விடுகிறார் மனிதர். படிக்காதவர்களுக்குச் சவக்காலைதான் வீடு என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்பது அவர்களில் ஒருவனுக்குப் பிறகுதான் விளங்குகிறது.

1283 அளவில், பதினெட்டு வயதுத் தாந்தே ஒரு கனவை சொனெற்றாக்கிப் புளோரன்ஸின் கவிஞர்களுக்கு அனுப்பி அர்த்தம் கேட்டார். காதல் தெய்வம் தாந்தேயின் எரியும் இதயத்தை, அவர் காதலித்த பெயாத்ரிச்சேக்குத் தின்னக் கொடுக்கிற கனவு. தாந்தே தா மயானோ என்ற இன்னொருவர், உனக்குத் தலைக்கு ஆவி ஏறிவிட்டது, கீழே நன்றாய்க் கழுவு, அப்படியும் தீராவிட்டால் சிறுநீரை வைத்தியரிடம் காட்டு என்று பதில் அனுப்பினார். குயிதோவோ மரியாதையாய்ப் பதில் எழுதினார். அவர்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது. தாந்தே தன் 'புதுவாழ்வு' நூலில் அவரை 'முதல் நண்பர்' என்றே அழைக்கிறார்.

வைத்தியரை இழுத்தது வெறும் பகிடி மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் காதல் மருத்துவப் பாடத்தில் ஒரு நோய். இப்னு சீனாவின் மருத்துவ நூலில் மனச்சோர்வுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் உண்டு. ஆள் யாரென்று சொல்ல மறுத்தால், நாடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராய்ச் சொல்லிப் பார். எந்தப் பெயருக்கு நாடி துள்ளுகிறதோ அவள்தான். அவளையே கட்டிவைக்க முடியாவிட்டால், கிழவிகளைக் கூப்பிட்டு அவளைப் பற்றித் தரக்குறைவாய்ப் பேசவிடு. இந்தச் சிகிச்சை எங்கள் ஊரிலும் நடந்திருக்கிறது, நீயே சாட்சி. உடலுக்குள் ஓடித்திரியும் நுண்ணிய 'ஆவிகள்' பற்றியும் அதே மருத்துவம் பேசுகிறது. பெயாத்ரிச்சேயை ஒன்பது வயதில் முதன்முதல் பார்த்தபோது இதயத்தில் இருந்த உயிராவி நடுங்கியது, மூளையில் இருந்த ஆவி வியந்தது, வயிற்றுப் பக்கத்து ஆவி அழுதது என்று தாந்தே எழுதுவது உருவகம் மாதிரித் தெரிந்தாலும் அன்றைய உடற்கூற்றுப் பாடம்தான்.

குயிதோவின் பாட்டுகளில் இந்த ஆவிகள் குட்டி மனிதர்களாய் ஓடுகின்றன, அழுகின்றன, அடிபட்டுச் சாகின்றன. ஒரு சொனெற்றில் வரிக்கு வரி 'ஆவி' என்ற சொல்லை வைத்துத் தன்னையே நையாண்டி செய்திருக்கிறார். இன்னொன்றில் தன்னை உயிர்போன ஒருவனாய்ப் பார்க்கிறார்: பார்ப்பவர்களுக்கு மனிதனாய்த் தெரிகிறேன், ஆனால் செம்பாலோ கல்லாலோ மரத்தாலோ செய்து, வெறும் பொறிநுட்பத்தால் நடக்கவிட்ட உருவம் நான். பிறிதொன்றில் பேசுவது அவருடைய இறகுப் பேனாக்களும் சின்னக் கத்தரிக்கோலும் பேனாக்கத்தியும். எங்களை ஏந்திய கை நெஞ்சில் பயங்கரமானவை தோன்றுகின்றன என்று சொல்கிறது, எங்களை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அவை கெஞ்சுகின்றன. எழுதியவன் இல்லை, எழுதுகோல் மிஞ்சியிருக்கிறது. எழுநூறு வருடத்துக்கு முன்பு இப்படி ஒருவன் யோசித்தான் என்பதை நம்ப எனக்கு இன்னும் கஷ்டமாய் இருக்கிறது.

ஆனால் பெரிய பாட்டு 'ஒரு பெண் என்னைக் கேட்கிறாள்' என்று தொடங்குவது. எழுபத்தைந்து வரி. குயிதோ ஒர்லாந்தி என்பவர், காதல் எங்கே பிறக்கிறது, அது தனிப்பொருளா, ஒன்றைச் சார்ந்த பண்பா, நினைவா என்று கேட்டு எழுதிய சொனெற்றுக்குப் பதில் என்று சொல்கிறார்கள். அது எங்கே தங்குகிறது, யார் உண்டாக்குகிறார்கள், அதன் வல்லமை என்ன, அதைக் கண்ணால் காட்ட முடியுமா என்று எட்டுக் கேள்விகளை முதலிலே அடுக்கி, இயற்கை அறிவியலின் நிரூபணம் இல்லாமல் பேச எனக்கு மனமில்லை, தாழ்ந்த நெஞ்சுக்காரருக்கு இது விளங்காது என்று எச்சரித்துவிட்டு வரிசையாய்ப் பதில் சொல்கிறார். வரிக்கு நடுவிலும் எதுகை விழுந்து விழுந்து வருவதால் வாசிக்க மூச்சு முட்டும். நான் பென்சிலோடு உட்கார்ந்து படித்த பாட்டு இது ஒன்றுதான்.

சாரம் இது. பார்த்த உருவம் ஒன்று மனதுக்குள் வருகிறது. அதன் அறிவுவடிவம் மேலே அறிவில் போய்த் தங்குகிறது. அங்கே இன்பம் துன்பம் எதுவும் இல்லை. காதல் அங்கே இல்லை. அது நினைவு இருக்கும் பகுதியில், உணரும் ஆன்மாவில், செவ்வாயிலிருந்து வரும் ஒரு இருட்டாய்க் குடியிருக்கிறது. அது நியாயத்தைக் குழப்புகிறது, அடிக்கடி சாவிலும் கொண்டுபோய் விடுகிறது. இங்கேதான் இப்னு ருஷ்த் வருகிறார். அவர் சொன்னபடி அறிகிற அறிவு மனிதர் எல்லோருக்கும் பொதுவான ஒன்று, தனித்து நிற்பது, அழியாதது. என் உடலுக்குரியது என்று எனக்கு மிஞ்சுவது உணர்ச்சியும் மனப்படிமங்களும்தான், அவை என்னோடே சாகும். அப்படியானால் என் ஆன்மா தனியாய்ச் சொர்க்கம் போவது எப்படி? இந்த இடம்தான் திருச்சபையைக் கலக்கியது. இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ் 1270-இல் இதை எதிர்த்துத் தனி நூல் எழுதினார். 1277 மார்ச் 7-இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்ப்பியே 219 கருத்துகளைத் தடைசெய்தார். அந்த ஆணையின் முன்னுரையிலே காதலைப் பற்றிய ஒரு இலத்தீன் நூலையும் பெயர் சொல்லிக் கண்டித்தார். பொலோஞாவில் ஜாக்கோமோ தா பிஸ்தோயா என்ற ஆசிரியர் மனித இன்பத்தின் உச்சம் அறிவிலே இருக்கிறது என்று எழுதிய ஆய்வை குயிதோவுக்குத்தான் காணிக்கை ஆக்கினார். ஆகவே குயிதோவும் அந்தக் கூட்டம்தான் என்று புருனோ நார்தி போன்ற அறிஞர்கள் வாதாடினார்கள். மறுப்பவர்களும் உண்டு. நான் நார்தியின் பக்கம். அப்படி வாசித்தால்தான் குயிதோவின் துயரம் எனக்குப் பிடிபடுகிறது. காதலிக்கிறவன் தன் அறிவிலிருந்து துண்டிக்கப்பட்டு, உடம்பாக மட்டும் மிஞ்சிப்போகிறான்.

தீனோ தெல் கார்போ என்ற புகழ்பெற்ற வைத்தியர் இந்தப் பாட்டுக்கு இலத்தீனில் உரை எழுதினார். அதைத் தன் கையால் பிரதி எடுத்து வைத்தவர் பொக்காச்சோ. காதல் பாட்டுக்கு டொக்டரின் உரை!

தாந்தே நேரெதிர்த் திசையில் போனார். பெயாத்ரிச்சே 1290 ஜூனில் இறந்தாள். அந்த இழப்பிலிருந்து அவர் கட்டியதே 'புதுவாழ்வு'. அவள் வணக்கம் சொல்ல மறுத்துவிட்டபோது, இனி என் இன்பம் அவளைப் புகழும் சொற்களில் இருக்கிறது, அதை யாரும் பறிக்க முடியாது என்று முடிவெடுக்கிறார். அங்கே எழுதிய பெரிய பாட்டு, காதலைப் பற்றிய அறிவு உடைய பெண்களை விளித்துத் தொடங்குகிறது. குயிதோ பிரித்துவைத்த காதலையும் அறிவையும் தாந்தே முதல் வரியிலேயே ஒட்டிவிட்டார். எது எதற்குப் பதில், குயிதோவின் பாட்டு முந்தியதா தாந்தேயின் நூல் முந்தியதா என்று அறிஞர்கள் இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். எப்படியோ, இரண்டு நண்பர்களும் ஒரு கட்டத்தில் ஒருவரோடு ஒருவர் உடன்படவில்லை. அதற்கு முந்திய காலத்தில், நீயும் நானும் நண்பன் லாப்போவும் மந்திரத்தால் ஒரு தோணியில் ஏறிக் காதலிகளோடு கதைத்துக்கொண்டே போவோமா என்று தாந்தே எழுதினார். நான் இப்போது காதலுக்குத் தகுதியானவன் இல்லை என்று குயிதோ மறுத்து எழுதினார். இன்னொரு சொனெற்றில் குயிதோ சொல்கிறார்: ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் உன்னிடம் வருகிறேன், நீ மிகத் தாழ்வாய் யோசித்துக்கொண்டிருப்பதைக் காண்கிறேன், உன் அறிவுக்காகத் துக்கப்படுகிறேன். கோபமும் பாசமும் ஒரே மூச்சில். நீயும் எனக்கு இப்படி ஒரு கடிதம் எழுதினாய், நான் படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போன வருடம்.

பிறகு அரசியல். குயிதோ மேட்டுக்குடி என்பதால் 1293-இன் சட்டங்களின் கீழ் பதவிக்கு வர முடியாது. தாந்தே 1295-இல் வைத்தியர், மருந்து வியாபாரிகள் சங்கத்தில் சேர்ந்து அந்த வழியாய் அரசியலுக்குப் போனார். 1300 ஜூனில் நகரத்தை ஆளும் ஆறு பேரில் ஒருவரானார். கறுப்புக் கட்சி, வெள்ளைக் கட்சிக் கலவரம் முற்றியதால் அந்த ஆறு பேரும் இரு பக்கத்துத் தலைவர்களையும் நாடுகடத்தினார்கள். குயிதோவும் அதில் ஒருவர். சார்சானாவுக்கு அனுப்பினார்கள். அங்கே காய்ச்சல் பிடித்தது. திரும்ப அழைத்தும் பிழைக்கவில்லை. ஓகஸ்ட் முடிவில் இறந்துபோனார். ஆணையில் தாந்தேயின் கையும் இருந்தது.

தாந்தேயின் காவியத்தில் நரகத்தின் பத்தாம் காண்டத்தை இதை மனதில் வைத்துத் திரும்ப வாசி. உடலோடு ஆன்மாவும் சாகும் என்று நம்பியவர்கள் எரியும் கல்லறைகளில் கிடக்கிறார்கள். பிரெடெரிக் அங்கே. பாரினாத்தா அங்கே. அவருக்குப் பக்கத்தில் குயிதோவின் தகப்பன் தலையை நீட்டி, அறிவின் உயரத்தால் நீ இங்கே வர முடிந்தது என்றால் என் மகன் எங்கே, ஏன் உன்னோடு இல்லை என்று கேட்கிறார். தாந்தே தடுமாறி, உங்கள் குயிதோ ஏளனம் செய்திருக்கக்கூடியவரிடம் போகிறேன் என்று இறந்தகாலத்தில் பதில் சொல்கிறார். 'என்ன சொன்னாய்? அவன் உயிரோடு இல்லையா?' தாந்தே உடனே மறுமொழி சொல்லவில்லை. கிழவன் பின்னால் விழுகிறான், திரும்ப எழும்பவில்லை. கதைப்படி அது 1300-இன் வசந்தம், குயிதோ உயிரோடிருக்கிறார். ஆனால் எழுதுகிற தாந்தேக்குத் தெரியும், இன்னும் சில மாதம்தான் என்று. குயிதோ நரகத்திலும் இல்லை, சொர்க்கத்திலும் இல்லை. அவரை எங்கே வைப்பது என்ற கேள்வியையே தாந்தே தேதியைக் காட்டித் தள்ளிவிட்டார். இப்னு ருஷ்துக்குக்கூட நல்லவர்களோடு ஒரு இடம் கிடைத்தது.

தாந்தே பெரிய கவிஞர்தான், யார் இல்லையென்றது? ஆனால் அவரிடம் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. குயிதோவிடம் இல்லை. மனைவி படுத்த படுக்கையான வருடத்தில் தாந்தேயை வாசிக்க எனக்கு முடியவில்லை, குயிதோவை வாசித்தேன். அதனால் நான் அவர் கட்சி.

ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்கிறேன். குயிதோவைக் கேட்ட அந்தப் 'பெண்' யார்? ஒருத்தி கேட்டாளா, இல்லை வெறும் சம்பிரதாயமா? இவ்வளவு பாட்டிலும் பெண்கள் மேலே நின்று ஒளி வீசுகிறார்கள், வாய் திறப்பதில்லை. அந்த வத்திக்கான் சுவடியில் 'கொம்பியூத்தா தொன்செல்லா' என்ற பெயரில் மூன்று சொனெற் இருக்கின்றன. அதில் ஒன்று: உலகம் இலைவிட்டுப் பூக்கும் காலம், எல்லோரும் காதலிக்கிறார்கள், எனக்கு மட்டும் அழுகை, அப்பா எனக்கு விருப்பமில்லாத ஒருவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார். ஆண்களின் தத்துவம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்து உன் அபிப்பிராயம் எழுது.

இத்தோடு மூன்று பாட்டுகளைத் தமிழில் ஆக்கிப்பார்த்து வைத்திருக்கிறேன்: பேனாக்கள் பேசுவது, செம்பு மனிதன், அந்தப் பெண்ணின் சொனெற். ஆவணியில் ஊருக்கு வரும் மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன். கண் ஆறியபிறகு சிவப்புப் பேனாவை எடு. யாப்பில் கை வைக்காதே, சொல்லைத் திருத்து.

உன் கூட்டாளி